காசுக்கு மேலே பேசக் கூடாது

நாணயங்களுக்குப் பட்டியல் எழுதும் தொழிலில் முதல் விதி, காசுக்கு மேலே வாயைத் திறக்கக் கூடாது என்பது. பேசினால் எச்சில் தெறிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளி இன்றைக்கு ஒன்றும் செய்யாது. ஆறு மாதம் கழித்து, காசில் இருக்கிற ராணியின் கன்னத்தில் கரும்புள்ளியாக எழுந்து நிற்கும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் போகாது.

ஆகவே மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர்கள், அச்சுப் பிழை திருத்துகிறவர்கள், ரத்தப் பரிசோதனைக் கடையில் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கிறவர்கள் எல்லோரும் என் இனம். சாயங்காலம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வாயைத் திறந்தால் நம் குரலே நமக்கு வேற்றாள் குரலாகக் கேட்கும் இல்லையா, அந்தக் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

என் பெயர் முருகேஸ்வரி. சின்னமனூரில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் ரகம் பிரித்தேன். பச்சையில் எத்தனை பச்சை உண்டென்று என் கண்ணுக்குத் தெரியும். பிறகு நிறம் பார்த்துப் பிரிக்கிற மெஷின் வந்தது, என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கடைக்குக் காய் வாங்க வருகிறவர் மதுரை ராஜாமணி சார். பழைய நாணயம் வாங்கி விற்பது அவருக்குத் தொழில். "உங்க கண்ணு எனக்கு வேணும் மேடம்" என்றார். எனக்கு ஐம்பது வயதான பிறகு ஒரு ஆண் என் கண்ணைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, அதையும் மனிதர் தொழில் சம்பந்தமாகச் சொல்லித் தொலைத்தார்.

கையுறை

வெறும் விரலால் காசைத் தொடக் கூடாது என்பது இரண்டாவது விதி. விரலில் இருக்கிற வியர்வையும் எண்ணெயும் உலோகத்தைத் தின்றுவிடும். அதனால் வெள்ளைப் பருத்திக் கையுறை வாங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். கையில் ஏதும் சொறி சிரங்கா, களிம்பு தரட்டுமா என்று அக்கறையாக விசாரித்தார். இல்லை, காசைத் தொடுவதற்கு என்றேன். அவர் என்னையும் என் பழைய ரப்பர் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

கனடா நாட்டு ஒரு டாலர் காசுகள், ஒரு வீட்டில் நூற்று நாற்பதுக்கு மேல் இருக்கிறது, ஒவ்வொன்றையும் பார்த்து இன்ன ரகம் என்று எழுத வேண்டும் என்று விளக்கினேன். அவர் கையுறையைப் பொட்டலம் கட்டியபடியே சொன்னார்: "அறுவது ரூவாக் கையுறையப் போட்டு ஒத்தக் காசத் தொடுவீகளாக்கும்? நல்லா இருக்குக்கா ஒங்க பொழப்பு."

ஊமை

காசுகள் இருந்த வீடு உத்தமபாளையத்தில். வீட்டில் ஒரே ஒரு ஆள், எழுபது வயது பாயம்மா. வாழைக்காய் மண்டி வைத்திருந்த கணவர் இறந்து எட்டு வருடமாகிறது. ஒரே மகன் அன்வர் கனடாவில் வேலை பார்க்கிறான். அங்கே போன நாளிலிருந்து அந்த ஊர் டாலர் காசுகளைச் சேர்த்தான். முதலில் வருடா வருடம் தானே கொண்டுவந்து அம்மாவின் பீரோவில் வைத்தான். அப்புறம் ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துவிட்டான். இப்போது ஏழு வருடமாகக் காசு மட்டும் வருகிறது, அன்வர் வரவில்லை. அங்கே வீடு வாங்கப் போகிறானாம். அதற்காகக் காசுகளை ராஜாமணி சார் மூலம் விற்கச் சொல்லிவிட்டான். ஆனால் பட்டியல் முடிகிற வரை ஒரு காசும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று கண்டிப்பு. அதனால் நான்தான் தினமும் பஸ் ஏறிப் போனேன்.

முதல் நாள் பாயம்மா பால்கோவா வைத்தார், டீ வைத்தார், எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என் ஊர், என் சாதி சனம், எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நான் முகமூடியைத் தொட்டுக் காட்டி, காசைக் காட்டி, கையை ஆட்டினேன். அரை மணி நேரத்தில் அவருக்கு அலுத்துவிட்டது. எழுந்து போய் வாசலில் கீரை விற்கிற பெண்ணிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: "வீட்டுக்கு ஒரு ஆளு வந்துருக்குன்னு சந்தோசப்பட்டேன்டி, பாத்தா ஊமைய அனுப்பியிருக்காக."

மூன்று பிள்ளைகள்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேசலாம். டப்பாவைத் திறந்ததும் பாயம்மா வந்துவிடுவார். ஒரே வருடத்துக் காசை மகன் ஏன் மூன்று மூன்றாக அனுப்பினான் என்பது அவருக்கு நெடுநாள் சந்தேகம். மூன்றிலும் அதே ராணி, பின்பக்கம் தண்ணீரில் மிதக்கிற அதே பறவை, அதே பதினோரு மூலை.

நான் சொன்னேன்: காசு ஒன்றுதான், மேல்வேலை வேறு. ஒன்று கடைகண்ணியில் புழங்குவதற்கு அடித்தது, எந்த அலங்காரமும் கிடையாது. இன்னொன்று ஸ்பெசிமன். அதன் தரையில், அதாவது உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில், மெல்லிய கோடு கோடாக இழுத்திருப்பார்கள், லென்ஸில் பார்த்தால் நெய்த துணி மாதிரி தெரியும். மூன்றாவது ப்ரூஃப். தரை கண்ணாடி, முகம் பார்க்கலாம். பறவை மட்டும் அரிசி மாவு பூசியது போல வெள்ளையாக மேலே நிற்கும். இதைக் கையால் தொட்டால் போச்சு, துடைத்தால் அதைவிட மோசம், கீறல் விழும்.

பாயம்மா மூன்றையும் அதனதன் பிளாஸ்டிக் டப்பியோடு தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் இரண்டு வாரம் புத்தகம் படித்துக் கற்றுக்கொண்டதை ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டார்: "ஒன்னு வேலைக்குப் போற புள்ள, ஒன்னு இஸ்திரி போட்டுப் பள்ளிக்கூடம் போற புள்ள, இது நிக்காஹ்வுக்கு நிக்கிற புள்ள. அம்புட்டுத்தான?"

படகு

பழைய டாலர்களில் பறவைக்குப் பதில் ஒரு படகு இருக்கும். ஒல்லியான படகில் இரண்டு பேர் துடுப்புப் போடுவார்கள். அதன் படத்தை செல்போனில் பெரிதாக்கி, தண்ணீர்க் கோடுகள் தேய்ந்திருக்கிறதா என்று காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறுகிற ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோம்பைக்காரர் ஒருவர்தான் வழக்கமாக அந்த ஆட்டோவை ஓட்டுவார். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

அன்றைக்கு எனக்கு யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இது கனடா காசு, இது வெள்ளி, இந்தத் தண்ணீர் தேயாமல் இருந்தால்தான் மதிப்பு என்று ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு பைபாஸில் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டுச் சொன்னார்: "லைஃப் ஜாக்கெட் போடாம போறாகளேக்கா? தேக்கடியில இப்படி ஏத்தவே மாட்டாக."

மதுரை போன்

ராஜாமணி சார் தினம் ஐந்து மணிக்குக் கூப்பிடுவார். எனக்கு வருகிற ஒரே போன் அதுதான் என்பதால் நாலே முக்காலுக்கே முகமூடியை அவிழ்த்து வைத்துவிடுவேன். இன்றைக்கு எத்தனை என்பார். பதினைந்து என்பேன். இருபது பண்ணலாமே என்பார். முப்பத்தெட்டு நொடியில் பேச்சு முடியும். நான் செல்போனில் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் பேச்சை நீட்டிப் பார்க்கலாமே என்று, மழை பெய்கிறது சார், சுருளிப் பக்கம் நல்ல மழையாம் என்றேன். அவர் ஒரு நொடி யோசித்தார். எனக்கு மனசு கொஞ்சம் நிமிர்ந்தது. "அப்போ ஈரப்பதம் இருக்கும் மேடம், டப்பியை எல்லாம் இறுக்கி மூடிருங்க" என்று வைத்துவிட்டார்.

கண் டாக்டர்

நாலாவது நாள் விபரீதம் தொடங்கியது. முந்தின நாள் ப்ரூஃப் என்று எழுதிய நாற்பத்தோராம் நம்பர் டப்பியில் காலையில் ஸ்பெசிமன் இருந்தது. நான்தான் தவறாக எழுதிவிட்டேன் என்று அடித்துத் திருத்தினேன். மறுநாள் இரண்டு டப்பிகள் அப்படி. அதற்கு மறுநாள் ஐந்து. எண்ணிக்கை சரியாக இருந்தது, ஒன்றும் காணாமல் போகவில்லை. ரகம் மட்டும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. எழுதி முடித்ததையெல்லாம் முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

எனக்குப் பயம் வந்துவிட்டது, அதை மறைப்பானேன். ஏலக்காயை மெஷின் பிடுங்கிக்கொண்டது. மிச்சம் இருப்பது இந்தக் கண் ஒன்றுதான். அதுவும் போனால் என்னை எவன் தேடுவான்? ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுத் தேனிக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். அவர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, எழுத்துப் படிக்கச் சொல்லி, ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லாத குறையாகச் சோதித்தார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். கடைசியில் சீட்டை நீட்டியபடி சொன்னார்: "உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா. நீங்க வேற எதையாவது சந்தேகப்படுங்க."

சுண்ணாம்பு

வேறு எதைச் சந்தேகப்படுவது என்று எண்பத்தெட்டாம் நம்பர் சொல்லிக்கொடுத்தது. நல்ல ப்ரூஃப், இந்தச் சேகரிப்பிலேயே அழகான காசு. விளக்கடியில் சாய்த்தபோது பறவைக்குப் பக்கத்தில் கண்ணாடித் தரையில் வெள்ளையாக ஒரு பெருவிரல் ரேகை. வட்டம் வட்டமாக, ஒரு வரி விடாமல் பதிந்திருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு. கூடத்தில் பாயம்மா சின்னமனூர் வெற்றிலையின் காம்பைக் கிள்ளிவிட்டு, பெருவிரலால் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வாரமாக என்னைக் குருடி ஆக்கியிருக்கிறாரே! முகமூடியை இழுத்துக் கழற்றிவிட்டு, கையில் காசோடு போய் நின்றேன். "ஏன் பாயம்மா இப்படிச் செஞ்சீக? நான் கண்ணு போச்சுன்னு டாக்டர்கிட்ட எல்லாம் போயிட்டு வந்தேன்" என்று கத்தினேன். விதியெல்லாம் அந்த நிமிடம் நினைவில் இல்லை.

அவர் மறைக்கவில்லை. வெற்றிலையை மடித்தபடியே சொன்னார். "நீ எழுதி முடிச்சா மதுரக்காரரு வந்து அள்ளிக்கிட்டுப் போயிருவாரு. காசும் போயிருச்சுன்னா அவனுக்கு இங்கன வர்றதுக்கு என்னம்மா இருக்கு? அதான் நீ போனதும் மாத்தி மாத்தி வச்சேன்." எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. "நீங்க இருக்கீகளே பாயம்மா" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் இந்த ஏழு வருசமும் இங்கனதானம்மா இருக்கேன்."

குறிப்புக் கட்டம்

பட்டியலில் கடைசியாகக் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. கீறல், புள்ளி, கறை எது இருந்தாலும் அங்கே எழுத வேண்டும். இந்த ரேகையை என்னவென்று எழுதுவது? துடைக்க முடியாது. என் கை பட்டுவிட்டது என்று நானே ஏற்றுக்கொள்ளலாம், பாயம்மா மகனிடம் திட்டு வாங்க மாட்டார். ஆனால் அதோடு என் பிழைப்பு முடிந்தது. ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டால் வாங்குகிறவன் ஏமாறுவான். ஒரு நாள் முழுக்கப் பேனாவை மூடி மூடித் திறந்தேன். கேட்பதற்கு எனக்கு யாரும் இல்லை. இருந்திருந்தாலும் இதை என்னவென்று கேட்பது?

கடைசியில் ஏலக்காயில் கற்ற வழக்கப்படி, இருப்பதை இருப்பதாக எழுதினேன். 'எண் 88. ப்ரூஃப். கண்ணாடித் தரையில் சுண்ணாம்புடன் பெருவிரல் ரேகை, முழுமையானது, தெளிவானது. உரிமையாளரின் தாயாருடையது.' மற்ற காசுகளைப் பாயம்மாவே எதிரில் உட்கார்ந்து அதனதன் டப்பியில் திருப்பி வைக்க உதவினார். பட்டியல் தப்பானால் என் பிழைப்புப் போய்விடும் என்று தெரிந்ததும், எது எங்கே இருந்தது என்று ஒன்றுவிடாமல் அவரே சொன்னார். இந்த வயதில் அந்த ஞாபகம்! பட்டியலைப் படித்ததும் ராஜாமணி சார் உடனே கூப்பிட்டார். அன்று முப்பத்தெட்டு நொடியைத் தாண்டிப் பேசினோம். "ரேகைன்னு மட்டும் போடுங்க மேடம். யாரு ரேகைன்னு எவன் கேட்டான்?"

வீடியோ கால்

நான் அந்த வரியை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததால் பட்டியல் அப்படியே கனடாவுக்குப் போனது. மறுநாள் காலையில் பாயம்மாவின் போனில் அன்வர் வந்தான். தலையில் நரை எட்டிப் பார்க்கிற ஆள். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டு எண்பத்தெட்டைக் காட்டச் சொன்னான். பாயம்மா கதவோரம் போய் நின்றுகொண்டார், தப்புச் செய்த பிள்ளை மாதிரி.

நான் காசைக் கேமராவுக்கு நேராக, வெளிச்சம் ரேகையில் விழும்படி சாய்த்துப் பிடித்தேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்து, தெரிகிறதா தம்பி என்றேன். தெரிகிறது என்று தலையை ஆட்டினான். அப்புறம் சொன்னான்: "மத்த எல்லாத்தையும் அவர்கிட்ட குடுத்துருங்கக்கா. அந்த ஒன்ன மட்டும் எனக்குக் கூரியர்ல அனுப்பிவிட்ருங்க. தொடைக்க வேணாம்."

எண்பத்தெட்டு

ராஜாமணி சார் காரில் வந்து, எண்ணிச் சரிபார்த்து, எல்லாவற்றையும் ஒரு சூட்கேஸில் அடுக்கிக்கொண்டு போனார். பீரோ காலியானது. எண்பத்தெட்டாம் நம்பரைக் கூரியரில் அனுப்பப் பஞ்சு, அட்டைப்பெட்டி எல்லாம் வாங்கிக்கொண்டு நான் கடைசி நாள் போனேன். பாயம்மா டப்பியைத் தரவில்லை. வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தார். தம்பி ஆசையாகக் கேட்டாரே என்றேன். "ஆசையாத்தான் கேட்டான். வேணும்னா வந்து வாங்கிக்கிட்டுப் போகச் சொல்லு. என் கையி இங்கனதான இருக்கு" என்றார்.

அதை அன்வரிடம் நானே போனில் சொன்னேன். லீவு பார்க்கிறேன் என்றான். ஏழு வருடமாக அவன் சொல்லிவருவதும் அதுதானாம்.

என் வேலை முடிந்துவிட்டது. மாடி அறையில் அடுத்த காசுப் பெட்டிக்காகக் காத்திருந்தேன். யாருமே கூப்பிடாமல் நாலைந்து நாள் போனது. அந்த நாலைந்து நாளில்தான் தெரிந்தது, பாயம்மா காசுகளை மாற்றி மாற்றி வைத்தபோது எனக்கும் சேர்த்துத்தான் நாட்களை நீட்டித் தந்திருக்கிறார் என்று. புதன்கிழமை போன் அடித்தது. ராஜாமணி சார் என்று நினைத்து எடுத்தேன். "ஏம்மா ஈஸ்வரி, அந்த ரேகை மங்குற மாதிரி தெரியுது. வந்து ஒன் லென்ச வச்சுப் பாத்துச் சொல்லிட்டுப் போயேன்." ஓடினேன். ரேகை அப்படியேதான் இருந்தது. சுண்ணாம்பு அவ்வளவு சீக்கிரம் போகுமா? அவருக்கும் அது தெரியும்.

இந்த ஆறு மாதமாக ஒவ்வொரு புதன்கிழமையும் போகிறேன். கையுறையும் முகமூடியும் எடுத்துப் போவதில்லை. டப்பியைத் திறந்து நடுவில் வைத்துக்கொண்டு, டீ குடித்தபடி மணிக்கணக்காகப் பேசுகிறோம். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாயிற்று. போன வாரம் லென்ஸை வைத்துப் பார்த்தபோது ராணியின் கன்னத்தில் கருப்பாக ஒரு புள்ளி, என் எச்சிலாகத்தான் இருக்க வேண்டும். பாயம்மாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்மா, திருஷ்டிப் பொட்டு" என்றார்.

ஆக, ஒரே ஒரு காசைப் பார்ப்பதற்கு வாரா வாரம் பஸ் ஏறுகிற பட்டியல்காரி இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் போகப் போக அதன் தரம் குறைந்துகொண்டே வருகிறது, அன்வர்தான் இன்னும் டிக்கெட் போட்டபாடில்லை.